இருபதாம் இடம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அமெரிக்கக் கல்லூரிகளில் அந்த வருடம் விளையாடிய டிஃபென்சிவ் எண்ட்களில் யார் யார் தொழில்முறை அணிகளில் தேறுவார்கள் என்று கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன். லண்டன் பிளேஸ்டோவில் அப்படிக் கேட்க எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

அமெரிக்கன் ஃபுட்போலில் தடுக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்பவனுக்குத்தான் அந்தப் பெயர். எதிரே மலைபோல் நிற்பவனைத் தாண்டி ஓடி, பந்தை எறியப் போகிறவனை எறியுமுன் சாய்க்க வேண்டும். என் அண்ணனுக்கு அதுதான் வேலை. ஆறடியைத் தாண்டி வளர்ந்தவனைப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பூங்காவில் ஹெல்மெட் போட்டு ஆடும் குழுவொன்றில் சேர்த்துவிட்டார். பிறகு அமெரிக்காவின் சின்னக் கல்லூரி ஒன்று முழுச் செலவையும் ஏற்று அழைத்துக்கொண்டது. ஞாயிறு பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, “என்ன, மகன் றக்பியோ?” என்று கேட்பார்கள். அப்பா “இல்லை, இது வேற” என்று தொடங்கி, பாதியில் களைத்து, “ஓம், அதுமாதிரித்தான்” என்று விட்டுவிடுவார்.

அவன் போனபோது எனக்கு ஏழு வயது. பதினொரு வயதில் வீட்டுக் கதவின் திறப்பு என் கைக்கு வந்தது. சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட், அப்பாவுக்கு பஸ் ஓட்டும் வேலை. கீழ்வீட்டு அன்ரி நான்கு மணிக்கு ஒருதரம் கதவைத் தட்டி, நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி நானும் ஹீட்டர் சத்தமும்தான். அங்கே மதியம் தொடங்கும் ஆட்டங்கள் எனக்குப் பின்னேரத்தில் வரும். எல்லாவற்றையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன், ஞாயிறன்று அண்ணன் அழைக்கும்போது சொல்வதற்காக.

அந்த வருடம் எல்லோரும் பேசியது இரண்டு பேரைப் பற்றி. ஒருவன் அகன்ற தோளும் நீண்ட கையும் கொண்டவன். எதிராளியின் நெஞ்சில் கையை வைத்தானென்றால் தள்ளிக்கொண்டே போவான். மற்றவன் ஒல்லி. பந்து அசைந்த கணமே அவனுடைய முதல் அடி விழுந்துவிடும். ஓரத்தில் உடம்பைச் சரித்து, தரையில் கை படுமளவுக்கு வளைந்து, சுற்றிக்கொண்டு போய்விடுவான். அண்ணன் முதலாமவன் பக்கம். நான் ஒல்லியின் பக்கம்.

“பெரிய ஆக்களோட விளையாடேக்கை அவனைத் தூக்கி எறிவாங்கள், பார்.”

“பிடிச்சாத்தானே எறியிறதுக்கு?”

அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த இருபது நிமிட அழைப்புக்காகத்தான் மிச்ச நாட்களை நான் கடத்திக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் மூன்று நாட்கள், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும். அண்ணனையும் கடைசிச் சுற்றில் யாராவது எடுக்கக்கூடும் என்று இணையத்தில் சிலர் எழுதினார்கள். அம்மா தேவாலயத்தில் அந்தோனியார் சுருவத்தின் முன்னால் அவனை எடுக்க வேண்டுமென்று மெழுகுதிரி கொளுத்தினார். நான் பக்கத்தில் நின்று, எடுக்கக்கூடாது என்று இன்னொன்றைக் கொளுத்தினேன். எடுத்தால் அங்கேயே இருந்துவிடுவான். எடுக்காவிட்டால் வீட்டுக்கு வருவான். என் கணக்கு அவ்வளவுதான். இரண்டு திரியும் ஒரே தட்டில் எரிந்தன. அந்தோனியார் பாடு திண்டாட்டம்.

அந்தத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு அண்ணன் போனில் கேட்டான்: “உன்ர லிஸ்ட்டிலை என்னை எத்தினையாவதாப் போட்டிருக்கிறாய்?”

கொப்பியில் இருபது பேர் இருந்தார்கள். “இருபது,” என்றேன்.

“ஏன்?”

“உனக்குக் கை கட்டை அண்ணை. முதல் அடியும் பிந்துது. சின்னக் கொலிஜ் பெடியங்களோட விளையாடினபடியாத்தான் நீ பெரிசாத் தெரியிறாய்.”

எல்லாம் உண்மைதான். ஆனால் அவனைவிட மோசமான நாலைந்து பேரை நான் அவனுக்கு மேலே போட்டிருந்தேன் என்பதும் உண்மை.

“ஓம். நீ வடிவாத்தான் பார்த்திருக்கிறாய்,” என்றான். ஒல்லியைப் பற்றி அன்று ஒன்றும் கேட்கவில்லை. படிக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

முதல் நாளிலேயே அந்த இருவரையும் எடுத்துவிட்டார்கள், ஒல்லியை முன்னால். நான் வென்றதைச் சொல்ல அண்ணனை அழைத்தேன், அவன் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. அப்பா லீவு போட்டிருந்தார், அம்மா ஷிப்டை மாற்றியிருந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை வீடு நிறைந்திருந்தது. ஒவ்வொரு பெயர் வரும்போதும் அப்பா கதிரையில் முன்னால் சரிவார், பிறகு பின்னால் சாய்வார். ஒன்பது மணிக்கு என்னைப் படுக்க அனுப்பிவிட்டார்கள்.

காலையில் அப்பா பூசைக்குப் போகச் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட சட்டைக்கையையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனை ஒருவரும் எடுக்கவில்லை என்று நான் கேட்காமலே விளங்கிக்கொண்டேன். அவனுடைய அறைக்குப் போய், கட்டிலில் அடுக்கியிருந்த பெட்டிகளை இறக்கி, புது விரிப்பு விரித்தேன். அலுமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தேன். சந்தோஷத்தில் எனக்குப் பாட்டு வந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பூசை முடிந்து வந்ததும் அவன் அழைத்தான். அப்பா போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கவிட்டார்.

“பரவாயில்லை தம்பி. நீ வீட்டை வா.”

“ஓம் அப்பா. வாறன்.”

அந்தக் கோடை முழுவதும் நான் காத்திருந்தேன். அவன் அங்கேயே இன்னொரு ஊரில், இன்னொரு சின்னக் கல்லூரியில், பயிற்சியாளருக்கு உதவியாளாகச் சேர்ந்தான். ஞாயிற்று அழைப்பு மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு பெருநாளுக்கு ஒன்றாகியது. இன்றுவரை இரண்டு தடவை வந்திருக்கிறான், இரண்டு தடவையும் விருந்தாளியாக.

மேசையில் கிடந்த போனிலிருந்து வந்த ‘வாறன்’ என்ற அந்த ஒரு சொல்லை நான் முழுதாக நம்பியிருந்தேன். எங்கள் ஆட்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதும் அதே சொல்லைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.