மேட் தேடும் மகாராஜன்

சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. "ஏலே, சொல்லித் தொலையேம்ல" என்று மகாராஜன் லேப்டாப்பிடம் கெஞ்சுகிறான். செஸ் பலகையில் கறுப்பு ராஜா எங்கே ஓடினாலும் கடைசியில் மேட் ஆகிற வழி உண்டா என்று அவன் எழுதிய புரோகிராம் தேடிக்கொண்டிருக்கிறது. காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது தொடங்கிய தேடல்.

துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. செஸ் ஆடுவதில் சுமார்தான். மேட் தேடுவதில்தான் பித்து. மேனேஜர் இவன் மேஜையை நோக்கி நடந்து வந்தால் பக்கத்து ஆளிடம், "நமக்கு ரெண்டே நகர்த்தல்ல மேட்டு" என்பான். முத்தையாபுரம் பஸ்ஸில் இடமில்லாவிட்டால், யார் முதலில் இறங்குவார் என்று ஒரு முகம் விடாமல் ஆராய்ந்துகொண்டே வருவான். அவன் புரோகிராமும் அப்படித்தான். எல்லா நகர்த்தல்களையும், அவற்றுக்கான எல்லாப் பதில்களையும் வரிசையாகப் பார்க்கும். பல வருஷ உழைப்பு.

பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்தும் மனைவி இந்துமதி, கோடை விடுமுறையில் தானும் ஒன்று எழுதினாள். "எதிராளிக்குத் தப்ப வழி எங்க கொறைவா இருக்கோ, அங்கன மொதல்ல தேடுனா என்ன?" அவ்வளவுதான் அவள் யோசனை. அவனுடையது சாயங்காலம் வரை தேடியும் முடிக்காததை, அவளுடையது பால் பொங்குவதற்குள் சொல்லிவிட்டது.

"பரவால்லளா" என்றான் மகாராஜன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மேட் தேடும் கிறுக்கர்களின் இணையக் குழுவில் அவளைப் பாராட்டி வந்ததையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தான். ஒன்றுக்கும் லைக் போடவில்லை. ஆபீஸில் யாராவது கேட்டால், "வீட்லயும் ஒண்ணு எழுதியிருக்கா, ஏதோ ஓடுது" என்பான். அவளுடையது எங்கேயாவது தடுக்கி விழாதா என்று விதவிதமான நிலைகளைக் கொடுத்துப் பார்த்தான்.

ஒருநாள் விழுந்தது. கடைசிக் கட்டத்தைத் தொடும் சிப்பாய் ராணியாக மாறலாம் என்பது மட்டுமே அதற்குத் தெரிந்திருந்தது. அந்த நிலையிலோ குதிரையாக மாறினால்தான் மேட். திரை "மேட் இல்லை" என்றது. மகாராஜன் வாய்விட்டுச் சிரித்தான். கடைக்குப் போய் இனிப்புக்கு மக்ரூன் வாங்கி வந்தான். "என்னங்க விசேஷம்?" என்று கேட்டவளிடம், "சும்மாதான்" என்றான்.

குழு நடத்தும் போட்டிக்குப் புரோகிராமை அனுப்புவதற்கு முன்னால் அவள் கேட்டாள். "தப்பு ஏதும் இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லளா. அனுப்பு."

சொல்லிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தான். இந்துமதி கயத்தாற்றிலிருக்கும் தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அவுக பாத்துச் சரின்னுட்டாகம்மா. பெறகு எனக்கு என்ன பயம்?"

கை நின்றது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"ஏளா, அனுப்பாத. குதிரைய விட்டுட்ட."

அவள் போனை வைத்தாள். "எப்பப் பாத்தீங்க?"

"போன வாரம்."

மேஜையில் அன்றைக்கு அவன் வாங்கி வந்த மக்ரூன் பொட்டலம் பிரித்தபடி கிடந்தது. இந்துமதி அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள். "அப்போ நீங்களே திருத்துங்க."

மகாராஜன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அதுவரை உள்ளே திறந்தே பார்க்காத அவள் புரோகிராமைத் திறந்து, முதல் வரியில் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினான்.