வஹீபா வாய் திறக்காத ஒன்பது நாட்கள்

காஃப்ஸா நகரத்துக்கு மேற்கே, பாஸ்பேட் தூசி படியாத சன்னலே இல்லாத ஒரு சுரங்க ஊர். அங்கே மேல்நிலைப் பள்ளி நூலகத்தை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்து வந்தவள் வஹீபா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை ஸக்கியாவின் கணவன் சுரங்கத்தில் செத்துப்போன பிறகு, தங்கை மகன் நிஸாரைத் தன் பிள்ளை போலத்தான் வளர்த்தாள்.

வியாழக்கிழமை மதியங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பாள். கதையில் ஒருவன் இக்கட்டில் மாட்டும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவாள். "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?" எது சரி என்று அவள் சொன்னதே கிடையாது.

ஒருநாள், முதலாளி மாவில் கலப்படம் செய்வதைப் பார்த்துவிட்ட ரொட்டிக்கடை ஆளின் கதை.

"வேலை போயிடும் மேடம். நான் பேசாம இருந்துடுவேன்" என்றான் ஹாதெம்.

"அந்த ரொட்டிய உன் தம்பி தின்னாலுமா?" என்று பாய்ந்தாள் எம்னா.

"எங்க வீட்டுல ரொட்டி கெடைக்கிறதே பெருசு. கலப்படத்த யாரு பாக்குறா?" என்றான் ஹாதெம்.

எல்லோரும் சிரித்தார்கள், வஹீபாவும் சிரித்தாள்.

ஜூன் மாதம் பள்ளி இறுதித் தேர்வு வந்தது. கணக்குத் தேர்வு நடக்கும்போது ஹாதெமின் பெஞ்சுக்கு அடியில் காதில் வைத்து விடை கேட்கும் குட்டிக் கருவி ஒன்று அகப்பட்டது. அவன் அழுதான், சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள், மிச்சத் தேர்வுகளும் போயின.

அன்று சாயங்காலமே எம்னா நூலகத்துக்கு ஓடிவந்தாள்.

"மேடம், அது ஹாதெமோடது இல்ல. முன்னாடி உக்காந்திருந்த நிஸாரோடது. சூப்பர்வைசர் வர்றதப் பாத்துட்டு காதுலேர்ந்து எடுத்துப் பின்னால தள்ளிவிட்டான். நான் கண்ணால பாத்தேன்."

வஹீபா கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். "நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மேடம். ஹெட்மாஸ்டர்கிட்ட போகட்டுமா?"

"நாளைக்கு உனக்குப் பரீட்சை. நீ போய்ப் படி. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவில்லை. நிஸாரின் முகத்தைப் பார்த்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கேட்க வாய் வரவில்லை. தேர்வு முடியட்டும் என்று தள்ளினாள். முடிந்ததும், தங்கை மனசு தாங்காது என்று தள்ளினாள். ஒருநாள் எம்னா தெருவில் எதிரே வந்தாள். வணக்கம் சொல்லவில்லை.

"ரொட்டிக்கடைக்காரன்னா கேள்வி கேப்பீங்க. உங்க வீட்டுப் பையன்னா புத்தகத்த மூடிடுவீங்க, அவ்வளவுதானே மேடம்?"

அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்தது. ஒன்பதாம் நாள் தங்கை வீட்டுக்குப் போய் நிஸாரைக் கேட்டாள். அவன் தலை நிமிரவில்லை. "பயந்துட்டேன் பெரியம்மா. பின்னால யாரு இருக்கான்னுகூட பாக்கல."

"என்கூட வா. நீயே சொல்லிடு."

ஸக்கியா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, உனக்குப் பிள்ளை இருந்தா இப்படிக் கூட்டிட்டுப் போவியா?"

நிஸார் வரவில்லை. வஹீபா தனியாகத்தான் தலைமையாசிரியரிடம் போனாள். எம்னாவும் சாட்சி சொன்னாள்.

நிஸாரின் தேர்வு ரத்தாயிற்று. ஹாதெம்மேல் இருந்த பழி நீங்கியது, ஆனால் தவறிய தேர்வுகளுக்காக அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஸக்கியா அக்காவுடன் பேச்சை நிறுத்தினாள். ஊரில் பாதிப் பேர் வஹீபாவை நேர்மைக்காரி என்றார்கள். மீதிப் பேர் சொந்த ரத்தத்தையே காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். இரண்டுமே அவளுக்கு உறைக்கவில்லை. அவளை அரித்தது அந்த ஒன்பது நாள்தான்.

மன்னிப்புக் கேட்க ஹாதெமின் வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். கோபமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"எம்புள்ள சாப்பிடாம சுவத்தப் பாத்துக்கிட்டே கெடந்தான். நானும் அவன நம்பல, அடிச்சேன். நீங்க அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த அடி விழுந்திருக்காது."

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஹாதெம் வெளியே வரவில்லை. வஹீபா தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.