குடித்துவிட்டுத் தந்த சொம்பு

எழுபதுகளில், காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவுக்கு மாதம் ஒருமுறை அந்த நர்சம்மா வருவார். வெயிலில் கறுத்த, நெடுநெடுவென்ற பெண்மணி. எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, வெறும் சொம்புக்குள் கருத்தடை மாத்திரை அட்டையைப் போட்டுத் திருப்பித் தருவார். மூன்று பிள்ளை பெற்ற எனக்காக, உள்ளே தறியில் இருக்கும் மாமியாருக்குத் தெரியாமல் அப்படி ஓர் ஏற்பாடு.

அமாவாசையன்று தறிக்கு விடுமுறை என்பதால் மாத்திரையையும் விட்டுவிட்டதாக ஒருமுறை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"லீவு தறிக்குத்தாம்மா. மாத்திரதான் முட்டைய வெளிய வராம தடுக்குது. வெளக்கு வெக்கிற நேரத்துல இருபத்தோரு நாளும் போடு. ஏழு நாள் நிறுத்து, தீட்டு வரும். எட்டாம் நாள் புது அட்டை."

அடுத்த முறை அவர் வந்தபோது வாசலில் மாமியார் நின்றிருந்தார். எனக்கு அன்று எட்டாம் நாள்.

"உன்னத் தேடிக்கினு வந்துருக்குது, யாரு இது?"

"எனக்குத் தெரியாது அத்தே" என்றேன், நர்சம்மாவின் முகத்துக்கு நேராகவே.

"நான் தேடுனது வேற ஆளு, வீடு மாறி வந்துட்டேம்மா. குடிக்கத் தண்ணி மட்டும் குடு" என்றார் அவர்.

குடித்தார், சொம்பைத் தந்தார், போய்விட்டார். உள்ளே வந்து பார்த்தேன். சொம்புக்குள் புது அட்டை இருந்தது.

அவரைத் தெரியாது என்று சொன்ன வாயில்தான் அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.