பிளேடால் சுரண்டிய பெயர்

நெல்சி பெர்துகோவுக்கென்று இந்த உலகத்தில் ஒரே ஒரு பாட்டுதான் இருந்தது. மற்றவர்களுக்கு வீடு, நகைநட்டு என்று என்னென்னவோ இருக்கும். இவளுக்கு ஒரு கறுப்பு இசைத்தட்டு. அதன் பெயரே 'நெல்சி'தான். துறைமுக நகரமான பாரன்கியாவில் எங்கள் ரெபோலோ பேட்டைப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்தக் கிதார் சத்தம் வந்ததுமே "நெல்சி!" என்று கத்திக்கொண்டு ஆட வந்துவிடுவார்கள்.

பாட்டின் நிஜப் பெயர் வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்காரன் ஒருவன் கொண்டுவந்த தட்டு அது. அந்தக் காலத்தில் பிக்கோ வைத்திருந்தவர்கள், ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டியில் வண்ணப் படம் எழுதித் தெருவில் நிறுத்தி ஊரையே ஆட்டிவைத்தவர்கள், நல்ல தட்டு கிடைத்தால் முதல் வேலையாக அதன் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைச் சுரண்டிவிடுவார்கள். பெயர் தெரிந்தால் எதிராளியும் ஒன்று வரவழைத்துவிடுவானே! சுரண்டிய பிறகு தாங்களே ஒரு பெயர் வைப்பார்கள்.

எண்பத்தொன்றில் நெல்சிக்கு இருபத்திரண்டு வயது. அக்காள் எதித்தோடு எல்லை தாண்டி மராக்காய்போவுக்கு வேலைக்குப் போவதாக இருந்தாள். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து வந்து நின்றான் அபெலார்தோ போலோ, 'முரட்டுக் கழுதை' பிக்கோவின் சொந்தக்காரன். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் சவரப் பிளேடு.

"நெல்சி, நீயே சுரண்டு. இனிமே இதுக்கு உன் பேருதான். வேற எவளுக்கும் கிடையாது."

அவள் சுரண்டினாள். சுரண்டுவதற்கு முன்னால் அதிலிருந்ததை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். படித்தது அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது. அபெலார்தோ அதைப் பார்க்கக்கூட இல்லை. சாயங்காலம் மைக்கில் அவள் பெயரைச் சொல்லிப் பாட்டைப் போட்டான். தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான், கட்டிய பெட்டியைப் பிரித்துவிட்டு அவனையே கட்டிக்கொண்டாள். எதித் "நல்லா நாசமாப் போ" என்று வைதுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள்.

நாற்பத்தொரு வருஷம் நெல்சி அந்த நிஜப் பெயரை யாருக்கும் சொல்லாமல் காத்தாள். முச்சந்தியில் முட்டை வைத்த சோள அடை பொரித்து விற்றுக் குடும்பத்தை ஓட்டினாள். எதிர்க்கட்சிப் பிக்கோக்காரர்கள் அடை தின்கிற சாக்கில் வந்து குழைவார்கள்.

"அக்கா, அந்தப் பேர மட்டும் காதுல போடு. ஒரு கிடாயக் கொண்டாந்து வாசல்ல கட்றேன்."

"உன் கிடாய நீயே மேச்சுக்கடா. செத்தாலும் சொல்ல மாட்டேன். அது எம் புருஷன் மானம்."

இப்போதெல்லாம் யார் பிக்கோ வைத்து ஆடுகிறார்கள்? வருஷத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழைய தட்டுப் பைத்தியங்கள் கூடுவார்கள். போன பிப்ரவரியிலும் கூடினார்கள். அபெலார்தோ தன் பழைய ரிக்கார்டு பிளேயரைத் துடைத்து, முள் எகிறாமலிருக்க அதன் தலையில் ஒரு காசை ஒட்டி வைத்தான். பக்கத்து ஊரான சொலெதாத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். நெல்சி ஓரமாக எண்ணெய்ச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

கிதார் ஆரம்பித்தது. ரெபோலோக்காரர்கள் "நெல்சி!" என்றார்கள். சொலெதாத்துக்காரர்கள் "டொமிங்கா!" என்றார்கள்.

"யாருய்யா டொமிங்கா? இது எங்க நெல்சி அக்கா பாட்டு!"

"போய்யா! எங்க டொமிங்கா அக்கா இதோ நிக்கிறாங்க, கண்ணு தெரியலையா?"

பூப்போட்ட கவுனில் ஒருத்தி, நெல்சி வயதுதான் இருக்கும், சிரித்துக்கொண்டே நடுவில் வந்து ஆடினாள். நெல்சி கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

"இது உன் பாட்டுன்னு யாரு சொன்னா?"

"அதோ, தட்டு போடறாரே, அவருதான். எம்பத்திரெண்டுல, எங்க வீட்டு வாசல்ல மைக்கப் பிடிச்சுச் சொன்னாரே, வேற எவளுக்கும் கிடையாதுன்னு. நீங்க யாரு, அவரு அக்காவா?"

பின்னாலிருந்து மலாம்போக்காரர் ஒருவர், "எங்க ஊர்ல இதுக்கு யாதிரான்னுல்ல பேரு!" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

நெல்சி நேரே அபெலார்தோவிடம் போய் நின்றாள். ஒருத்தியோடு திரிந்தான் என்றால்கூட அழுது தீர்த்திருப்பாள். தன்னைப் பெட்டி பிரிக்க வைத்த அதே வார்த்தையை, ஓர் எழுத்து மாற்றாமல், வாசலுக்கு வாசல் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறானே பாவி!

"அபெலார்தோ, என்ன இது?"

"அடியே, சந்தியில நின்னு கத்தாத. தெருவுக்கு ஒரு பேரு வச்சாத்தான் கூட்டம் சேரும், எல்லாப் பிக்கோக்காரனும் செஞ்சதுதான. தட்டுல உன் பேரா அச்சடிச்சிருக்கு? நீதான சுரண்டின, தெரியாதா உனக்கு?"

அதற்கும் சிரித்தார்கள். அவன் கையிலிருந்த மைக்கை நெல்சி பிடுங்கினாள். பாட்டின் நிஜப் பெயர், பாடியவன் பெயர், அச்சடித்த ஊர், தட்டின் எண் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். நிதானமாக இரண்டு தடவை சொன்னாள். எதிராளிகள் எல்லாரும் அவசர அவசரமாகக் கைப்பேசியில் தட்டினார்கள். அரை நிமிஷத்தில் யாரோ ஒருவன் சட்டைப் பையிலிருந்து அதே கிதார் ஒலித்தது. பிறகு இன்னொருவன் பையிலிருந்து. நெல்சிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அபெலார்தோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. இருந்த ஒரே பெருமையும் போயிற்று. அவள் கையிலிருந்த மைக் இன்னும் அணையவில்லை. தெருவே கேட்கக் கத்தினான்.

"துரோகி!"

நெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷத்தில் வேறு எவளுக்கும் கொடுக்காமல் அவளுக்கென்றே அவன் வைத்த பெயர் அது ஒன்றுதான்.