ஒரு சொட்டும் ஒழுகாத கூரை

1997 ஒக்டோபரில் அந்தப் புதன்கிழமை முழுவதும் அரியரத்தினத்துக்கு எரிச்சல்தான். உணவகத்தில் கோப்பை கழுவுவதை விட்டுவிட்டு, சொந்தமாகத் தச்சு வேலை தொடங்கியபின் கிடைத்த முதல் வேலை அது. கனடாவில், மொன்றியலின் ஊத்ரமோன் பகுதியில் ஹெர்ஷல் என்ற யூதர் தன் பல்கனியில் ஒரு குடில் போடச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் அந்தத் தெருவே தன்னைக் கூப்பிடும் என்று அரியரத்தினம் நம்பினார்.

உதவிக்கு வந்த செபமாலைக்கு வாய் ஓயவில்லை.

“அண்ணை, இது கூடாரத் திருவிழா. எகிப்திலயிருந்து தப்பின இவையளின்ர சனம் நாற்பது வருசம் வனாந்தரத்தில குடிசையில கிடந்தது. அதை நினைச்சு ஏழு நாளும் குடிசைக்குள்ள சாப்பிடுவினம். பழைய ஏற்பாட்டில கிடக்கு.”

“உந்தப் பிரசங்கத்தை விட்டிட்டுக் கூரைக்கு மரக்கொப்பை எடு. ஆறு மணிக்குப் பொழுதுபடத் திருநாள் தொடங்கீடும். பேந்து ஒரு ஆணி அடிக்கவும் விடமாட்டினம்.”

வானம் கறுத்துக் கிடந்தது. பண்டிகைச் சாப்பாட்டில் மழை விழக் கூடாதே என்று, அரியரத்தினம் ஊசியிலைக் கொப்புகளைச் சரிவாக நான்கு அடுக்கு நெருக்கி வைத்தார். ஐந்து மணிக்கு ஹெர்ஷலைக் கூப்பிட்டு, ஏணியில் ஏறி, ஒரு வாளி தண்ணீரைக் கூரைமேல் கவிழ்த்தார். உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை.

ஹெர்ஷல் தலையில் கை வைத்தார்.

“என்ன செய்துவிட்டீர்கள்! மழை உள்ளே விழ வேண்டும். நட்சத்திரம் தெரிய வேண்டும். இது வீடு, குடில் இல்லை. இதற்குள் நாங்கள் சாப்பிட முடியாது,” என்றார் ஆங்கிலத்தில்.

அரியரத்தினம் செபமாலையை முறைத்தார். “இவ்வளவும் தெரிஞ்ச நீ இதைச் சொல்லேல்லையேடா?”

“கோயில்ல பைபிள் வாசிக்கேக்க கூரையைப் பற்றி வரேல்லை அண்ணை.”

“ஒழுகாத கூரை போட்டுப் பேச்சு வாங்கின முதல் ஆள் நான்தான்,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு அரியரத்தினம் கொப்புகளைப் பிடுங்கினார். ஹெர்ஷல் குடிலுக்குள் மல்லாந்து படுத்து மேலே பார்த்தபடி கை காட்டினார். “இங்கே இன்னும் எடுங்கள். அங்கே... ஐயோ, அவ்வளவு எடுக்க வேண்டாம்! வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும்.”

பிடுங்கியதை மறுபடியும் வைத்தார். ஒன்றை எடுத்தார். பாதியை வைத்தார்.

ஐந்தே முக்காலுக்கு ஹெர்ஷல் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, “சரி,” என்றார். அந்த ஒரு சொல்தான். பிறகு பக்கத்துப் பல்கனியைக் காட்டினார். அங்கே ஒரு கிழவர், மழைக்குத் தன் குடில்மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பை எட்டி இழுக்க முடியாமல் நின்றார்.

“அவருடைய கூரையையும் திறந்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் இருக்கிறது.”

“பாத்தியளே அண்ணை, ரெண்டாவது வேலையும் கிடைச்சிட்டுது.”

“கதையாதை. ஏணியைத் தூக்கு.”