கடைசியாகக் கிளம்பிய சைக்கிள்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பொங்கலுக்கு வேலம்பாளையத்தில் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பந்தயம் வைத்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். அம்மா தைக்கப் போன பனியன் கம்பெனியில் அவர்தான் சூப்பர்வைசர். ஒரு பீஸ் தைக்க எத்தனை நொடி ஆகிறதென்று டெய்லர் பக்கத்தில் நின்று வாட்ச்சில் பார்த்து, ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் முடிக்க வேண்டும் என்று எழுதிவைப்பது அவர் வேலை.

சென்னைக் கடலில் பாய்மரப் படகுப் போட்டி ஒன்றை அவர் பார்த்திருந்தார். அதில் படகுகள் ஒன்றாகக் கிளம்பாதாம். மெதுவான படகு முதலில், வேகமானது கடைசியில். குறித்த நேரம் முடியும்போது எது முன்னால் நிற்கிறதோ அதற்கே வெற்றி. ஓட்டைச் சைக்கிளும் கியர் சைக்கிளும் சரிக்குச் சரி மோத இதைவிட நியாயமான வழி கிடையாது என்றார். எனக்கு மாமா மகனை ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும். கியர் சைக்கிள் வந்ததிலிருந்து அவன் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

யார் முதலில், யார் கடைசியில் என்று முடிவுசெய்ய முந்தின ஞாயிறு ஒவ்வொருவரையும் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு மாமா நேரம் குறித்தார். அம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிளில் நான் உயிரைக் கொடுத்து மிதித்தேன். "அம்மிணி ஏரோப்ளேனாட்டப் பறக்குது" என்றார் மாமா. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மகனோ வேடிக்கை பார்த்துக்கொண்டு ஆடி அசைந்து வந்தான்.

பந்தயத்தன்று அவன்தான் முதல் ஆள். நான் கடைசி. எல்லோரும் போவதை ஒற்றைக்காலை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் முடிந்து விசில் ஊதியபோது மற்றவர்களையெல்லாம் பிடித்திருந்தேன். அவன் மட்டும் நாலு சுற்று முன்னால் இருந்தான். திருட்டுப் பயல்.

வீட்டுக்கு வந்து சைக்கிளை எட்டி உதைத்தேன். அம்மா என் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி சிரித்தாள். "வாச்சப் புடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிக்கறப்பப் போயி முழு வேகத்துல ஓட்டுவாங்களா அம்மிணி? நாங்க கம்பெனியில தையல் லைன்ல அப்பிடியா தைக்கறோம்?"

மறுநாள் காலையில் முதல் வேலையாக மாமா வீட்டுக்கு ஓடினேன். "அவன் வேணும்னே மெதுவா ஓட்டுனானுங்க மாமா. வாச்சப் பாத்தா எல்லாரும் அப்பிடித்தானாம். அம்மா லைன்லகூட அப்பிடித்தானாமுங்க."

மாமா குனிந்து தன் கை வாட்ச்சைப் பார்த்தார். பிறகு, "செரி கண்ணு, நாயந்தான்" என்று மகனிடமிருந்த கோப்பையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அவன் அழுதான். திருப்பூரிலேயே மாமாவைப் போல நியாயஸ்தர் இல்லை என்று நான் நம்பினேன். என்ன சொல்லி என்னைத் திட்டிக்கொள்வது.

லீவு முடிந்து கம்பெனி திறந்ததும் மாமா அம்மாவின் லைனுக்குப் போய், யார் கண்ணிலும் படாமல் தூண் மறைவில் நின்று நேரம் குறித்தது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. லைன் மொத்தத்துக்கும் ஒரு நாளில் முடிக்க வேண்டிய பீஸ் கணக்கு ஏறியது. அண்ணனிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள் என்று கூட வேலை செய்தவர்கள் அம்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

கணக்கு ஏறிய அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். லைன் ஆட்களோடு பேசிக்கொண்டே ஆறரைக்கு வரும் அம்மா, எட்டரைக்கு, அதுவும் தனியாக வந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசிக்குது, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று நான்தான் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன்.