பிளம்பர் டெஸ்மண்டுக்கு வந்த பட்டம்

டெஸ்மண்ட் என்ற பெயரை ரதிதேவி முதலில் கேட்டது, ஆக்லாந்தின் கிளென் ஈடனில் மகள் உஷாவின் வீட்டுக் குழாய் உடைந்து குசினியெல்லாம் வெள்ளமாய் நின்ற அன்று. பக்கத்து வீட்டு பிளம்பர் அவர். பெண்சாதியை இழந்து, ஒரே மகள் நோராவோடு இருந்தார். அன்றிலிருந்து வேலிக்கு மேலால் தோசை போகும், எலுமிச்சம்பழம் வரும்.

எண்பத்தாறாம் ஆண்டு அவருக்கு அயர்லாந்திலிருந்து ஒரு பட்டம் வந்து சேர்ந்தது. கில்மோரன் பிரபு. இருநூறு வருடத்துக்கு முன், பாராளுமன்றத்தில் ராசாவின் பக்கம் வாக்களித்து அவருடைய முன்னோர் ஒருவர் வாங்கியது. தகப்பனுக்குப் பின் மூத்த மகன், மகன் இல்லையென்றால் தம்பி, தம்பியின் மகன் என்று இறங்கி வந்தது. ஒரு பிரபு குதிரையால் விழுந்து செத்தார். இன்னொருவர் சூதாடியே காணியைக் கரைத்தார். கோபித்துக்கொண்டு ஆக்லாந்துக்குக் கப்பலேறிய ஒரு தம்பியின் பேரன்தான் டெஸ்மண்ட். கடைசிப் பிரபு மூன்று பெண்பிள்ளைகளை விட்டுவிட்டுக் கண்ணை மூட, பட்டம் இவரைத் தேடி வந்தது.

உறவுமுறைக் கதை என்றால் ரதிதேவிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். உஷாவைக் குடைந்து குடைந்து கேட்டு எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொண்டாள். பட்டம் இருந்தால் மாளிகை இருக்கும், மாளிகை மகளுக்குத்தான் சீதனம் என்று யாழ்ப்பாண வழக்கப்படி தானே முடிவும் கட்டினாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த நோராவின் கையைப் பிடித்து, அப்பா முதலில் போய் உன் வீட்டைத் திறக்கட்டும் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் வாழ்த்தினாள்.

நோராவின் முகம் செத்துப்போயிற்று. அப்பா தன்னை விட்டுவிட்டு அங்கே போய்விடுவாரோ என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவள், அழுதபடி அவரிடம் ஓடினாள்.

டெஸ்மண்ட் வேலியடிக்கு வந்தார். மாளிகை கூரை விழுந்து எப்போதோ மண்ணாகிவிட்டது, மிச்சம் பெயர் மட்டும்தான், அதுவும் நோராவுக்கு வராது, கனடாவில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட சகோதரனுக்குப் போகும் என்றார்.

“பெட்டைக்கு ஒண்டும் குடாத பட்டமோ? அப்ப உவர் ஆற்ற வீட்டில போய் இருக்கப்போறாராம்? கேள் பிள்ளை,” என்று ரதிதேவி உஷாவை ஏவினாள்.

உஷா கேட்டாள். உங்கள் ஊரில் எப்படி என்று அவர் திருப்பிக் கேட்டார். கல்யாணத்தில் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அவளோடேயே இருப்பார்கள், அம்மா என்னோடு இருப்பதும் அப்படித்தான் என்றாள் உஷா. மருமகன் சண்டை பிடித்தால், என்று அவர் இழுத்தார்.

“அவன்தான் வெளிய போகோணும்,” என்றாள் ரதிதேவி.

உஷா மொழிபெயர்த்ததும் டெஸ்மண்ட் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நோராவும் சிரித்துவிட்டாள்.

பட்டத்துக்கு உரிமை கேட்டு அவர் எங்கும் போகவில்லை. கல்யாணத்தன்று வீட்டை நோராவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

டெஸ்மண்ட் இப்போது கிளென் ஈடனில், மகள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்.